நெஞ்சுச் சளியோடு வார்டில் பிள்ளை: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் ஒரு தாதியின் பதில்களும்

மாரி தொடங்கி வாடை அடிக்கிற மாதங்களில் திருகோணமலைப் பக்கம் பிள்ளைகள் வார்டில் கட்டில் கிடைப்பது கஷ்டம். நகரத்துப் பிள்ளைகளோடு கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இருமலும் இளைப்புமாக வந்து சேரும். இந்த மாவட்டத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற தாதி நான், பெற்றோர் வாயில் ‘மிஸ்’. அம்மாமார், அப்பாமார், அம்மம்மாமார் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பது உங்கள் டொக்டர் சொல்வதுதான். மற்றதெல்லாம் நாம் பேசலாம்.

தடிமனா நிமோனியாவா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

தடிமன் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நிமோனியா என்றால் கிருமி நுரையீரலுக்குள் இறங்கி, காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் நீரும் சீழும் கட்டிவிட்டது என்று அர்த்தம். இருமல் சத்தத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. மூச்சைப் பார்க்க வேண்டும்.

பிள்ளை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு எத்தனை தரம் எழும்புகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்தக் கணக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. அன்றே டொக்டரிடம் காட்ட வேண்டும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது.

இதைவிடப் பாரதூரமானது நெஞ்சு உள்ளே இழுப்பது. மூச்சை எடுக்கும்போது விலா எலும்பின் கீழ்க் கரையில், வயிறு தொடங்குகிற இடத்தில், ஒரு பள்ளம் விழும். மூச்சை விட்டதும் மறையும். ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி விழுந்தால் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பால் குடிக்க ஏலாமை, குடித்ததெல்லாம் சத்தி, வலிப்பு, தட்டி எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், உதடும் நாக்கும் நீலம் பாய்வது, மூச்சு விடும்போதெல்லாம் முனகல். இதில் ஒன்று கண்டாலும் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

வார்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் மிஸ் பிள்ளையைத் தொடவேயில்லை, தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறா. ஏன்?

அந்தப் பார்வைதான் முதல் பரிசோதனை. அழுகிற பிள்ளையின் மூச்சை எண்ணிப் பிரயோசனமில்லை. அதனால் அம்மாவின் மடியில் இருக்கும்போதே மூச்சு, உதட்டின் நிறம், நெஞ்சு இழுப்பு, முகத்தின் களைப்பு எல்லாவற்றையும் கண்ணால் எடுத்துவிடுவோம். அப்புறம்தான் கிட்ட வருவோம். முதலில் அம்மாவோடு கதைப்போம், பிள்ளையோடு அல்ல. தன் அம்மா யாரோடு சிரித்துக் கதைக்கிறாவோ அவவை நம்பலாம் என்று ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, முதலில் அம்மாவின் கையில், பிறகு பொம்மையில், கடைசியில் நெஞ்சில் வைப்போம். தொண்டை, காது பார்ப்பதெல்லாம் கடைசியில்.

நெஞ்சில் இடம் குறைந்து, கிடைக்கிற ஒட்சிசனை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிற பிள்ளை அது. பயந்து கத்திக் கை காலை உதறினால் இருக்கிற கொஞ்சத்தையும் செலவழித்துவிடும். மொனிட்டரில் ஒட்சிசன் அளவு 93 என்று நின்றது சடாரென்று 80களுக்கு இறங்குவதை இந்த வேலையில் உள்ள எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே பயத்தைக் குறைப்பதை அன்பு, இரக்கம் என்ற கணக்கில் மட்டும் வைக்காதீர்கள். மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு அது சிகிச்சை. பிள்ளைக்கு இதமான பராமரிப்பு என்றவுடன் சுவரில் மிக்கி மவுஸ் ஒட்டுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒட்டட்டும், குற்றமில்லை. ஆனால் சுவரில் படமும், கட்டிலில் பிள்ளையை நாலு பேர் அழுத்திப் பிடித்து ஊசியும் என்றால் அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை.

அம்மா கூடவே நிற்கலாமா? அப்பாவும் நிற்கலாமா?

எங்கள் ஊர்களில் அம்மா கூட நிற்பது வழமையாகிவிட்டதால் அதன் அருமை தெரிவதில்லை. 1950களில் இங்கிலாந்தில்கூடப் பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைப் பார்வை நேரத்துக்கு மட்டும்தான் விட்டார்கள். அம்மாவைக் கண்டால் பிள்ளை அழுகிறது, ஆகவே காணாமல் இருந்தால் நல்லது என்பது அந்தக் கால நியாயம். காணாமல் இருந்த பிள்ளை ‘பழகிவிட்டது’ என்று நினைத்தார்கள். உண்மையில் அது மனம் விட்டுப்போய்ச் சும்மா கிடந்தது. 1959இல் சேர் ஹரி பிளாட் தலைமையில் வந்த அறிக்கைதான் பெற்றோரை எந்நேரமும் விட வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு தாயையும் தங்கவிட வேண்டும் என்று அங்கே அடித்துச் சொன்னது.

அப்பாவுக்கு வருவோம். இரவில் தாய்மார் தங்கும் வார்டில் ஆண்கள் தங்க இடம் தர முடியாத நிலைமை பல இடங்களில் இருக்கிறது. ஆனால் பகலில், முக்கியமாக ஊசி போடும் நேரத்தில், அப்பாதான் பிள்ளைக்குத் தைரியம் என்றால் பொறுப்பு சிஸ்டரிடம் கேளுங்கள். கேட்டால் வழி பண்ணுவார்கள். வாப்பா கட்டாரில் இருக்கிறார் என்றால் வீடியோ கோலில் வரட்டும், ஆனால் வந்து அழ வேண்டாம்.

அம்மாவுக்கும் ஒன்று. நீங்கள் சாப்பிடப் போகும்போது, குளிக்கப் போகும்போது, பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். எழும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்ற பயம் பிறகு தூங்கவே விடாது. சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. உங்கள் சால்வையையோ பாவித்த துவாயையோ பக்கத்தில் விட்டுவிட்டுப் போங்கள், அதில் உங்கள் மணம் இருக்கும். சாப்பிடாமல் இருந்து மயங்கி விழுந்து இரண்டாவது நோயாளியாக வேண்டாம்.

ஒட்சிசன் வைத்துவிட்டார்கள். கடைசிக் கட்டமா?

இல்லை. இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, நடைபாதையில் அம்மம்மா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பா. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 வீதம். நுரையீரலின் ஒரு பகுதி வேலை செய்யாத நாட்களில் அது போதாமல் போகிறது, கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம். சளி கரைந்து நுரையீரல் திறந்ததும் குறைத்துக் குறைத்து எடுத்துவிடுவோம். பழகிப்போய் விடமுடியாமல் போகும் மருந்து அல்ல இது.

பெரும்பாலும் மூக்குத் துளைகளில் இரண்டு சின்ன முனை நுழைகிற மெல்லிய குழாய் வைப்போம். முகமூடியைவிடப் பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்வார்கள், வாய் பால் குடிக்கவும் கதைக்கவும் சும்மா இருக்கும். முதல் பத்து நிமிடம்தான் சண்டை. மூன்று வயதுக்கு மேல் என்றால் முதலில் பொம்மைக்குக் குழாய் வைத்துவிட்டு, ‘இது மூக்குக்குக் காற்று ஊதும், நோகாது, கிச்சுகிச்சு மூட்டும்’ என்று சொல்லி, குழாயின் காற்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் பட விடுவோம். கன்னத்தில் ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு பூ, ஒரு மீன் கீறிவிட்டால் பிய்க்கும் கை கொஞ்சம் யோசிக்கும். குழாய் கழன்றால் நீங்களே திரும்ப வைத்துவிட்டு எங்களையும் கூப்பிடுங்கள். காற்றின் அளவைத் திருகுவது மட்டும் எங்கள் வேலை.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒட்சிசன் ஓடும் கட்டிலுக்குக் கிட்ட கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு, நெருப்புப்பெட்டி எதுவும் கூடாது. ஒட்சிசன் இருக்கும் இடத்தில் சின்னப் பொறி பெரிய நெருப்பாகும்.

கால் விரலில் சிவப்பு லைற் எதற்கு? 100 காட்டாவிட்டால் பயமா?

இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்று அந்த வெளிச்சத்தை வைத்து அளக்கிறது. 95க்கு மேல் இருந்தால் நிம்மதி. 90க்குக் கீழே கட்டாயம் ஒட்சிசன் வேண்டும். நடுவில் உள்ளதை டொக்டர் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிப்பார். குளிர்ந்த கால், நகப்பூச்சு, கறுப்பாகப் பிடித்த மருதாணி, ஓயாமல் ஆட்டுகிற கால், எல்லாம் இலக்கத்தைப் பிழையாக்கும். பெருநாள் முடிந்து வந்த பிள்ளை என்றால் மருதாணி இல்லாத விரலைத் தேடுவோம். இரவு முழுக்க இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு நான் சொல்வது: இலக்கத்தை நாங்கள் பார்க்கிறோம், நீங்கள் முகத்தைப் பாருங்கள். மாற்றத்தை எங்களுக்கு முன் நீங்கள்தான் காண்பீர்கள்.

ஊசி, கனுலா போடும்போது நாங்கள் வெளியே போய்விடுவதா?

உங்களால் முடியுமென்றால் உள்ளேயே நில்லுங்கள். இரத்தம் கண்டால் மயங்குகிற ஆள் என்றால் வெளியே நிற்பதில் ஒரு வெட்கமும் இல்லை, சின்னம்மாவையோ மாமியையோ விடுங்கள்.

கடும் நிமோனியாவுக்கு ஊசி மூலம் நுண்ணுயிர்கொல்லி மருந்து குறைந்தது 5 நாள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு நேரமும் குத்தாமல் இருக்கத்தான் இரத்த நாளத்தில் கனுலா என்ற மெல்லிய குழாயைப் போட்டு வைக்கிறோம். ஆகவே ஒரு குத்து நல்லபடி போனால் மிச்ச நாளெல்லாம் சுகம். அந்த ஒரு குத்தில்தான் பிள்ளை எங்களை நம்புவதா, வெள்ளை உடுப்பைக் கண்டாலே கத்துவதா என்பது தீர்மானமாகும்.

நான் விரும்புகிற முறை இது. முடிந்தவரை பிள்ளையின் கட்டிலில் வைத்துக் குத்துவதில்லை, வேறு அறைக்குக் கொண்டுபோவோம். கட்டில் அவனுடைய இடம், அங்கே நோக வைக்கக் கூடாது. மல்லாக்கக் கிடத்தி அழுத்திப் பிடிப்பதும் இல்லை. மூச்சு முட்டுகிற பிள்ளைக்குக் கிடத்துவதே பெரிய வேதனை. அம்மா கதிரையில் இருப்பா. பிள்ளை அவவின் மடியில், நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, கால்கள் இரண்டும் அவவின் இடுப்பைச் சுற்றி. ஒரு கை மட்டும் அம்மாவின் கக்கத்துக்கு அடியால் பின்பக்கம் எங்களிடம் வரும். அணைப்புப் போலத்தான் இருக்கும், ஆனால் நன்றாகப் பிடித்த பிடி. கைக்குழந்தை என்றால் அந்த நேரம் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வோம், நோவு குறையும் என்பது ஆராய்ந்து கண்ட விஷயம். மூச்சு மிக வேகமாக இருக்கும் குழந்தைக்கு அது சரிவராது, அப்போது நாங்களே சொல்வோம். மரக்க வைக்கும் களிம்பு இருந்தால் பூசலாம், ஆனால் அது பிடிக்க ஒரு மணித்தியாலம் அளவில் வேண்டும். மருந்து உடனே ஏற வேண்டிய பிள்ளைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டோம்.

ஓர் ஆள் மட்டும் பிள்ளையோடு கதைக்க வேண்டும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் ‘ஒன்றுமில்லை ஒன்றுமில்லை’ என்று கத்தினால் பெரிய ஆளுக்கே பயம் வரும். எனக்குக் கை கொடுப்பவை கோட்டை மான்கள். கோணேசர் கோயிலுக்குப் போன பிள்ளையென்றால் பிரெட்றிக் கோட்டைக்குள் திரிகிற மான்களைக் கண்டிருக்கும். ‘கொம்பு வைத்த மானா, கொம்பில்லாத மானா? எத்தனை? உன்ர கச்சானைப் பறிச்சதா?’ என்று தொடங்கினால், மூன்றாவது மானை எண்ணும்போது பிளாஸ்டர் ஒட்டி முடிந்திருக்கும். எப்போதும் இல்லை, ஆனால் பல தரம்.

முதல் முயற்சி பிழைத்து, இரண்டாவதும் பிழைத்தால், ‘மிஸ், கொஞ்சம் பொறுத்து வேறு ஆளை வைத்துப் பார்க்கலாமா’ என்று தாராளமாகக் கேளுங்கள். அவசரம் இல்லாத நேரங்களில் அது நியாயமான கேள்வி. கனுலா போட்ட இடம் வீங்கினால், சிவந்தால், தொட்டால் பிள்ளை துள்ளினால் அடுத்த மருந்து நேரம் வரை வைத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

‘சாப்பிடாட்டி மிஸ் ஊசி போடுவா’ என்று சொன்னால்தான் வாய் திறக்கிறான். சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். நாங்கள் மூன்று நாள் பட்ட பாடு அந்த ஒரு வசனத்தில் போய்விடும். ‘நோகாது’ என்று பொய் சொல்வதும் அப்படித்தான்; ஒரு தரம்தான் வேலை செய்யும். ‘கொஞ்சம் நோகும், எறும்பு கடிக்கிற மாதிரி, பத்து எண்ண முதல் முடியும், அம்மா பிடித்திருப்பேன், அழலாம்’ என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் சொன்னால் போதும், முதல் நாளே சொல்லி இரவெல்லாம் பயப்பட வைக்கத் தேவையில்லை.

இன்னொரு வசனமும் இருக்கிறது: ‘ஐஸ்கிறீம் குடிக்காதே என்று சொன்னேன்தானே, இப்ப பார்.’ மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளை, தான் செய்த குழப்படிக்குத் தண்டனைதான் இந்த ஊசியும் குழாயும் என்று உண்மையாகவே நம்பும். கிருமிதான் செய்தது, நீ ஒன்றும் செய்யவில்லை என்று வாயால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பக்கத்துக் கட்டிலுக்கு நெபுலைசர் பிடிக்கிறார்கள், எங்கள் பிள்ளைக்கு இல்லை. ஏன்?

பக்கத்துப் பிள்ளைக்கு முட்டு இருக்கிறது, சுவாசக் குழாய் சுருங்கியிருக்கிறது. அதை விரிக்கும் மருந்தைத்தான் அதில் விடுகிறோம். நிமோனியாவை நெபுலைசர் மாற்றாது. அதேபோல நெஞ்சிலும் முதுகிலும் தட்டினால் சளி கழன்றுவிடும் என்ற நம்பிக்கை; சாதாரண நிமோனியாவில் அது சுகத்தைச் சீக்கிரமாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டொக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொன்னால் மட்டும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறாளே, பலம் எப்படி வரும்?

முதல் இரண்டு மூன்று நாள் விட்டுப் பிடியுங்கள். மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு ஒரே நேரத்தில் விழுங்கவும் சுவாசிக்கவும் ஏலாது, வற்புறுத்தி ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தலை நிமிர்ந்திருக்க. படுக்க வைத்துப் பால் போத்தலை வாயில் வைப்பது வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை வழக்கத்தைவிடக் குறைந்த நேரம், கூடிய தரம் குடிக்கட்டும். குடிக்க முதல் மூக்கடைப்பை எடுக்க எங்களிடம் உப்புநீர்த் துளி கேளுங்கள். மூச்சு மிக வேகமாக இருக்கும்போது வாயால் ஒன்றும் வேண்டாம் என்போம். சேலைனிலோ மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயிலோ போகும். அந்தக் குழாயைக் கண்டு அழாத அம்மா இல்லை. ஆனால் பிழிந்த தாய்ப்பாலே அதற்குள்ளாலும் போகலாம்.

சுகம் வருகிறது என்பதற்கு நான் நம்பும் அடையாளம் பிள்ளை தானாக ஒன்றைக் கேட்பது. வெறும் இடியப்பமும் சொதியும் கேட்டாள் என்றால் எனக்குச் சந்தோஷம். எத்தனை மடக்குக் குடித்தாள், எத்தனை பம்பஸ் நனைந்தது என்று எழுதி வையுங்கள், மிஸ் வந்து கேட்பா.

மல்லித் தண்ணி, வேது, மூக்கில் எண்ணெய்?

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இளஞ்சூட்டு மல்லித் தண்ணி நாலு கரண்டி கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை, மருந்தை விட்டுவிட்டு அது மட்டும் என்றால்தான் சண்டை. தேன் ஒரு வயதுக்கு முன் கூடாது. வேது பிடிப்பதில் சுடுதண்ணிச் சட்டி கவிழ்ந்து வெந்துபோய் வருகிற பிள்ளைகள் உண்டு. சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம். சூடம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் பூசக் கூடாது.

எண்ணெய் வார்த்துக் குளிப்பாட்டும்போது மூக்குக்குள் இரண்டு சொட்டு விடுவது பழைய பழக்கம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு வகை நிமோனியா, அதற்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தும் கேட்காது. அம்மம்மாவிடம் மெதுவாக, ஆனால் திட்டமாகச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான்: சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைப் பிள்ளை குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காமல், பாலும் பருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் நிறைக்கு ஏற்ற அளவில். வார்டில் நாங்கள் கொடுப்பதோடு உங்கள் பையில் உள்ளதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நூல், திருநீறு, ஓதிய தண்ணி இவற்றையெல்லாம் கழற்றச் சொல்வீர்களா?

திருநீற்றுக் கீறும் அந்தோனியார் படமும் ஓதிக் கட்டிய தாவீசும் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் தைரியம் தருகிறதென்றால் இருக்கட்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தில் உள்ள பஞ்சாயுதம், சங்கிலி, தாவீசு கழற்ற வேண்டும். அவை படத்தில் வெள்ளையாக விழுந்து நுரையீரலை மறைக்கும். எடுத்ததும் நீங்களே திரும்பக் கட்டிவிடலாம். கனுலா போட்ட கையில் இறுக்கமான நூல் கூடாது, கை வீங்கினால் வெட்டும். வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்ற நேரத்தில் ஓதிய தண்ணியை நெற்றியில் தடவிவிடுங்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மூத்தம்மாதான் எனக்கு இந்த யோசனையைச் சொல்லித்தந்தவ, அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்.

மிஸ்மாரில் சிலர் சிங்களத்தில் கதைக்கிறார்கள். எனக்கு விளங்குவதில்லை, கேட்கவும் பயம்.

இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஒரே வார்டில்தான் கிடக்கிறோம், தாதிமாரும் அப்படித்தான். தமிழும் அரச கரும மொழி. விளங்காததை விளங்கும் மொழியில் கேட்பது உங்கள் உரிமை, உபகாரம் அல்ல. ‘தமிழ் தெரிந்த மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ’ என்று சொல்லலாம். பக்கத்துக் கட்டில் அம்மாவை வைத்து மொழிபெயர்ப்பது தேத்தண்ணி விஷயத்துக்குச் சரி. சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து, மருந்து ஒவ்வாமை போன்றவற்றுக்குச் சரிவராது. விளங்காமல் தலையாட்ட வேண்டாம்.

பிள்ளைக்கும் இது பெரிய விஷயம். வருத்தத்தில் கிடக்கிற மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் பாவிக்கிற சொல்லைத்தான் சொல்லும். மூத்திரம் போவதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல், தண்ணிக்கு என்ன சொல், நோவுக்கு என்ன சொல், தூங்க எது வேண்டும், செல்லப் பெயர் என்ன? ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தாருங்கள், கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைப்போம். சிங்களம் பேசுகிற தாதி அந்தச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

சொல்லத் தெரியாத குழந்தையின் நோவை அளக்க எங்களிடம் ஒரு முறை இருக்கிறது: முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, 10க்குக் கணக்கெடுப்போம். மூன்று வயதுக்கு மேல் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாகக் காட்டி, நீ எது என்று கேட்கலாம். இதற்கு மொழி வேண்டாம்.

வார்டில் விளையாட விடலாமா? போன் கொடுக்கலாமா?

விளையாட்டு பிள்ளையின் வேலை, வருத்தத்திலும் அதை விடக் கூடாது. ஒட்சிசன் குழாயோடேயே கட்டிலில் இருந்து விளையாடலாம். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் சவர்க்கார நுரையில் குமிழி ஊதவும் கடதாசிக் காற்றாடி சுழற்றவும் விடுவோம். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு எடுக்கிறான். பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் அடைக்கும். ஊசியில்லாத வெறும் சிறிஞ்சைக் கொடுத்தால் பல பிள்ளைகள் கரடிக்கு மருந்து கொடுக்கத் தொடங்குவார்கள். கரடிக்கு என்ன சொல்லித் தேற்றுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள், தங்கள் பயத்தைத்தான் சொல்வார்கள். பஞ்சுப் பொம்மையைப் பக்கத்துப் பிள்ளையோடு மாற்றக் கூடாது, கிருமியும் மாறும். பிளாஸ்டிக் என்றால் கழுவிக் கொடுக்கலாம்.

போன் ஊசி நேரத்துக்கு நல்ல ஆயுதம். நாள் முழுக்கக் கொடுத்தால் அந்த நேரத்தில் வேலை செய்யாது. இரவில் வேண்டாம், நாங்களும் காய்ச்சல், மூச்சு, மருந்து எல்லாவற்றையும் ஒரே தரத்தில் முடித்துவிட்டு லைற்றை அணைக்கப் பார்க்கிறோம்.

வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

சில பிள்ளைகளுக்குக் காற்றை அழுத்தித் தரும் இயந்திரம், தீவிர சிகிச்சைக் கட்டில், நுரையீரலைச் சுற்றிக் கட்டிய சீழை எடுக்கக் குழாய், அறுவை மருத்துவர் என்று தேவைப்படும். அப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்பு பொறளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பக்கூடும். அங்கே கட்டில் உறுதி செய்து, வழியில் ஒட்சிசன் ஏற்பாட்டோடுதான் அனுப்புவார்கள். போன் சார்ஜர், உங்கள் உடுப்பு இரண்டு, பிள்ளையின் பதிவுப் புத்தகம், அந்தப் பழைய துவாய், இவற்றை எடுங்கள். எங்கே போகிறோம், யார் கூட வருகிறார் என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள். மயக்கத்தில் கிடக்கிற பிள்ளைக்கும் உங்கள் குரல் கேட்கலாம், காதோரம் கதையுங்கள்.

ஒரே பக்கத்து நெஞ்சில்தான் திரும்பத் திரும்பச் சளி கட்டுகிறது. ஏன்?

கச்சான் தின்னும்போது புரைக்கேறியதா என்று யோசித்துப் பாருங்கள். கோயில் திருவிழாவில் வாங்கிய கச்சான், ஒரு சின்னப் பாசிமணி, பேனா மூடி, எதுவும் சுவாசக் குழாயில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கலாம். கச்சான் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டிய தகவல் அது. நாலு வயதுக்கு முன் முழுக் கச்சான் கொடுக்காதீர்கள்.

துண்டு வெட்டிவிட்டார்கள். வீட்டில் என்ன கவனம்?

நோய் விவரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வையுங்கள், கிளினிக் திகதியைப் பாருங்கள். பாணி மருந்தை, பிள்ளை ஓடி விளையாடினாலும், சொன்ன நாள் வரை முடியுங்கள். இருமல் மூன்று நாலு கிழமை இழுக்கலாம், அது மட்டும் என்றால் பயமில்லை. காய்ச்சல் திரும்பினால், மூச்சு வேகமானால் உடனே வாருங்கள். இரண்டு கிழமை வரை தினமும் ஒரு நேரச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுங்கள். விறகடுப்புப் புகை, நுளம்புத்திரி, குப்பை எரிப்பது, வீட்டுக்குள் சிகரெட், இவை நான்கும் அந்த நுரையீரலுக்கு எதிரிகள். தடுப்பூசிகளையும் மறக்காதீர்கள்: ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்ட் 2, 4, 6 மாதங்களிலும், சின்னமுத்து உட்பட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும். வார்டில் கிடந்ததால் தவறிப்போனால் மிட்வைஃபிடம் சொல்லி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம்.

சுகமாகி வந்த பிறகு இரவில் அலறுகிறான், படுக்கையில் மூத்திரம் போகிறான், என்னை விட்டு அசைகிறான் இல்லை.

வார்டில் கிடந்த பல பிள்ளைகள் இப்படித்தான். விட்டுவிட்ட பழக்கங்கள் திரும்பும், சூப்பி கேட்பான், விரல் சூப்புவான். சில கிழமைகளில் தானாகக் குறையும். அடிக்கவோ வெட்கப்படுத்தவோ வேண்டாம். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு வழமைக்கு வரவில்லை என்றால் கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள், நெஞ்சைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

கிளினிக் நாளில், வாசலுக்கு வந்ததும் திரும்பி ஓடினால், இன்று ஊசி உண்டா இல்லையா என்று முதலில் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அவனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்று நாங்களும் அவன் முன்னால் சொல்வோம்.